அச்சேறிய முதல் தமிழ்: ஹென்றிக்கஸ் அடிகளாரின் வாழ்வு

1578 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20 ஆம் திகதி, கேரளக் கரையிலுள்ள கொல்லத்தில், யேசுசபையினரின் கல்லூரியொன்றில் பதினாறு பக்கங்கள் கொண்ட ஒரு சிறு நூல் அச்சாகி முடிந்தது. தம்பிரான் வணக்கம் என்பது அதன் பெயர். இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அந்நூலின் அறியப்பட்ட ஒரேயொரு பிரதி இன்று அமெரிக்காவில், ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது.

முதலில் அச்சான தமிழ் நூல் எது என்ற கேள்விக்கு விடையெழுதிப் புள்ளி பெற்றவர்கள் எம்மில் பலர். பொது அறிவுப் பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட ஒரு மனிதரின் உழைப்பு கிடக்கிறது. நூற்றாண்டு காணும் எமது பழைய மாணவிகள் சங்கத்தின் மலரில் அந்த மனிதரின் வாழ்வைச் சொல்வது பொருத்தம் என எண்ணுகிறோம். அவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். தமிழர் வாயில் அவர் பெயர் அண்டிரிக் அடிகளார் என்றும் வழங்கியது.

ஹென்றிக்கஸ் 1520 ஆம் ஆண்டளவில் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யூதர்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய யூதக் குடும்பங்களை அந்நாட்டவர் புதுக் கிறிஸ்தவர்கள் என்று பிரித்தே அழைத்தனர். எத்தனை தலைமுறை கடந்தாலும் அந்தப் பெயர் போகவில்லை. துறவியாக விரும்பி அவர் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். பூர்வீகம் தெரியவந்ததும் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர் கொயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545 இல், அப்போது தோன்றி ஐந்தே ஆண்டுகளான யேசுசபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அதன்பின் தாய்நாட்டைக் காணவேயில்லை.

அவர் அனுப்பப்பட்ட இடம் முத்துக்குளித்துறை. கன்னியாகுமரியிலிருந்து இராமேசுவரம் பக்கமாக நீளும் அக்கரையில் பரதவர் குலத்தவர் முத்துக்குளித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பிணக்கில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிய அவர்கள் 1530 களின் நடுப்பகுதியில் திரளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். பெற்றார்களே தவிர, அந்தச் சமயம் என்ன சொல்கிறது என்பதை அவர்களுடைய மொழியில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. 1542 இல் அங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், உள்ளூரவர் சிலரின் உதவியுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். பிள்ளைகள் நாள்தோறும், பெண்கள் சனிக்கிழமை, ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை என்று ஒழுங்கும் செய்தார். ஆனால் சவேரியாருக்கு நிற்க நேரமில்லை. மலாக்கா, யப்பான் என்று அவர் பயணம் தொடர்ந்தது. அவர் விட்டுப்போன வேலையை எடுத்துச் செய்யப் பொறுமையுள்ள ஒருவர் தேவைப்பட்டார்.

ஹென்றிக்கஸ் வந்தபோது அவரும் மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருந்தார். தான் சொல்வது ஒன்று, மக்கள் காதில் விழுவது வேறொன்று என்பதை விரைவில் உணர்ந்தார். அதன்பின் இரவு பகலாகத் தமிழ் படிக்கத் தொடங்கினார். அவருக்கு முன் ஐரோப்பியர் எவரும் தமிழை முறையாகக் கற்றிருக்கவில்லை. அகராதி கிடையாது, ஐரோப்பிய மொழியில் எழுதிய இலக்கணமும் கிடையாது. தமக்குத் தெரிந்த இலத்தீன் இலக்கணத்தை ஓர் ஏணியாக வைத்துக்கொண்டார். பெயர்ச்சொல் எப்படி வேற்றுமை ஏற்கிறது, வினைச்சொல் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப எப்படி மாறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தார். சில மாதங்களுக்குள் மொழிபெயர்ப்பாளரின் துணையின்றிப் பேச முடிந்தது. எழுதவும் கற்றார். குருமார் தமக்குள் கதைக்கும்போதும் தமிழிலேயே கதைக்க வேண்டும் என்றும் ஓர் ஒழுங்கு வைத்தார்கள்.

அந்தக் குறிப்புகள் 1549 ஆம் ஆண்டளவில் ஓர் இலக்கண நூலாகத் திரண்டன. ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அதுதான். புலவர்களின் செய்யுள் தமிழை விட்டு, கடற்கரையில் மீனவரும் முத்துக்குளிப்போரும் பேசிய தமிழை அது பதிந்து வைத்தது. நாலரை நூற்றாண்டுக்கு முன் ஒரு சாதாரணத் தாய் தன் பிள்ளையுடன் எப்படிப் பேசியிருப்பாள் என்று அறிய விரும்பும் மொழியியல் அறிஞர் இன்றும் அந்நூலைப் புரட்டுகிறார்கள். கையெழுத்துப் பிரதியாகவே லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்த அது, அவர் காலத்துக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து, 1982 இல் ஜேர்மனியில் அச்சாகியது. 2013 இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

அதே 1549 ஆம் ஆண்டு வேதாளை என்னும் கடலோர ஊரில் முத்துக்குளித்துறைக் குருமாரின் தலைவராயிருந்த அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட்டார். சக குருமார் ஒன்றுகூடி ஹென்றிக்கஸைத் தலைவராகத் தெரிந்தனர். வயது முப்பதுகூட ஆகவில்லை. பிறப்பைக் காரணம் காட்டி ஒரு சபை வெளியே அனுப்பிய மனிதரை, உடனிருந்து பார்த்தவர்கள் தலைமைக்கு நிறுத்தினார்கள்.

தலைவரான பின் அவர் செய்தவற்றில் ஒன்றை மருத்துவத் தொழிலில் இருக்கும் நாம் தனியே குறிப்பிட விரும்புகிறோம். 1550 ஆம் ஆண்டளவில் புன்னைக்காயலில் நோயாளருக்கென ஒரு மருத்துவமனையை அவர் ஏற்படுத்தினார். அன்பளிப்பும் தண்டப் பணமும் அதன் செலவுக்குப் பயன்பட்டன. முத்துக்குளிப்பு உடலை வருத்தும் தொழில். மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்குபவனுக்குக் காதுச் சவ்வு கிழிவதும் மயக்கம் வருவதும் இன்றும் நாம் காணும் அபாயங்கள். அத்தகைய மக்கள் நடுவே, மன்றாட்டுப் படிப்பிப்பதோடு நின்றுவிடாமல் ஒரு நோயாளர் இல்லமும் வேண்டும் என்று அவர் கண்டார். நோயாளியின் மொழி தெரியாமல் நோயை அறிய முடியாது என்பது எமது தொழிலின் முதற்பாடம். ஹென்றிக்கஸ் தமிழைக் கற்றதும் மருத்துவமனையை அமைத்ததும் ஒரே கவனத்தின் இரு பக்கங்களாகவே எமக்குத் தோன்றுகின்றன.

எமது ஊரின் பெயரும் அக்காலத்தில் அந்தக் கரையில் அடிபட்டது. 1551 ஆம் ஆண்டளவில் திருகோணமலையை ஆண்ட வன்னியர் இறந்துபோக, எட்டு வயதளவான அவர் மகன் உரிமையிழந்தான். யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் கை இங்கு ஓங்கியிருந்த காலம் அது. ஊரைவிட்டு நீங்கிய அந்தச் சிறுவன் கடல் கடந்து முத்துக்குளித்துறையில் அடைக்கலம் தேடினான். அங்கே ஞானஸ்நானம் பெற்று அல்போன்சு என்ற பெயருடன் கோவாவுக்குக் கல்வி கற்க அனுப்பப்பட்டான். ஹென்றிக்கஸ் அந்தக் கரையில் தலைவராயிருந்த ஆண்டுகள் இவை. இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையில் தோணிகள் சர்வசாதாரணமாய்ப் போய்வந்த காலத்தில், ஓர் ஊரின் துயரம் மற்ற ஊரின் வாசலில் வந்து நின்றதில் வியப்பில்லை.

1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியபோது முத்துக்குளித்துறை மக்களில் ஒரு பகுதியினர் அங்கு குடியேற்றப்பட்டனர். ஹென்றிக்கஸும் மன்னாரில் சில காலம் பணிசெய்தார். அவ்வகையில் எமது நாட்டுத் தமிழும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

அதே 1560 இல்தான், சபையில் சேர்ந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, அவர் தமது இறுதி வாக்குறுதிகளை எடுத்தார். யூத வழிவந்தவர் என்பது அதற்கும் தடையாக நின்றது. அதே ஆண்டு கோவாவில் சமய விசாரணை மன்றமும் அமைந்தது. புதுக் கிறிஸ்தவர்களை ஐயத்துடன் பார்ப்பதே அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. தம் போன்ற குடும்பத்தவர் விசாரிக்கப்பட்ட நகரத்திலிருந்து விலகி, முத்துச் சிப்பி நாற்றமும் மீன் உலரும் மணமும் நிறைந்த கரையில், அவர் சொற்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார்.

இனி அச்சுக் கதைக்கு வருவோம். ஜேர்மனியில் கூட்டன்பேர்க் வேதாகமத்தை அச்சிட்டது 1455 ஆம் ஆண்டளவில். நூறாண்டு கழித்து, 1556 இல், கோவாவுக்கு ஓர் அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. எத்தியோப்பியாவுக்கென்று புறப்பட்ட இயந்திரம் கோவாவிலேயே தங்கிவிட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1554 இல், லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் மன்றாட்டு நூல் அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழ் ஒலிகள் உரோம எழுத்திலேயே இருந்தன. லிஸ்பனில் வாழ்ந்த தமிழர் மூவர் அதை உருவாக்கினர். தமிழ் பேசுவோர் அதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளலாம், ஆனால் கண்ணால் படிக்க முடியாது. தமிழனுக்குத் தன் எழுத்திலேயே நூல் வேண்டும் என்பதில் ஹென்றிக்கஸ் உறுதியாயிருந்தார்.

சொல்வது எளிது. அச்சுக்கு ஒவ்வோர் எழுத்தையும் முதலில் எஃகு முனையில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செப்புத் துண்டில் அடித்து அச்சுக்குழி உண்டாக்க வேண்டும். அக்குழியில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி எழுத்தை வார்க்க வேண்டும். இலத்தீனுக்கு இருபத்துச் சொச்சம் எழுத்துகள் போதும். தமிழில் 247. கொம்பும் காலும் தனித்து நிற்பதால் எல்லாவற்றையும் செதுக்க வேண்டியதில்லை என்றாலும், கி, கீ, கு, கூ போன்றவை ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பு வேண்டும். 1577 இல் கோவாவில் யோவான் கொன்சால்வஸ் என்ற சகோதரர் முதல் தமிழ் எழுத்துகளை வார்த்தார். அவர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். 1578 இல் கொல்லத்தில் யோவான் தே பாரியா என்ற குருவானவர் புதிதாய் ஒரு வார்ப்புச் செய்தார். தம்பிரான் வணக்கத்தில் இவ்விரு வார்ப்புகளின் எழுத்துகளும் காட்டப்பட்டுள்ளன. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்த வேலை என்பது நூலிலேயே பதிவாகியிருக்கிறது.

அந்நூலை இன்று படம் பிடித்த பிரதியில் பார்க்கும் எவருக்கும் முதலில் ஒரு தடுமாற்றம் வரும். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பு. ஓலைச்சுவடி எழுதியோரின் வழக்கம் அது. வார்ப்பவர்கள் ஓலையிலிருந்த எழுத்தைக் கண்டபடியே ஈயத்தில் கொண்டுவந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினால் ஒரு கடற்கரைக் குரல் மெல்லக் கேட்கத் தொடங்கும். முகப்பில் மொழியின் பெயர் மலவார் தமுல் என்று போர்த்துக்கேயத்தில் இருக்கிறது. அன்றைய ஐரோப்பியர் தமிழையும் மலபார் மொழி என்றே அழைத்துவந்தனர். அந்தப் பொதுப் பெயருடன் தமிழ் என்ற பெயரையும் சேர்த்து அச்சில் ஏற்றியது கவனிக்கத்தக்கது.

இந்தப் பணியில் ஹென்றிக்கஸ் தனித்து நிற்கவில்லை. மனுவேல் தே சான் பேதுரு என்ற குருவானவரின் பெயரும் மொழிபெயர்ப்பாளராக முகப்பில் உள்ளது. கொல்லத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1561 இல் யேசுசபையில் சேர்ந்த முதல் இந்தியரான பேதுரு லூயிஸும் அவருக்குத் துணையாயிருந்தார். அச்சுச் செலவுக்கு முத்துக்குளித்துறை மக்கள் பணம் கொடுத்தனர். கடலடியிலிருந்து மூச்சைப் பிடித்து எடுத்த முத்து, ஈய எழுத்தாக மாறியது என்று சொன்னாலும் தவறில்லை. தமிழின் முதல் அச்சு நூலுக்குப் புரவலர் மன்னரோ பிரபுவோ அல்லர், மீனவர் என்பதைக் கரையோர மக்களாகிய நாம் பெருமையுடன் நினைவுகொள்ளலாம்.

அடுத்த ஆண்டு, 1579 நவம்பர் 14 ஆம் திகதி, கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. மார்க்கஸ் யோர்ஜ் என்பவர் போர்த்துக்கேயத்தில் எழுதிய நூலின் தமிழாக்கம் அது. ஆசிரியர் கேட்க மாணவர் விடை சொல்லும் முறையில், நூறு பக்கங்களைத் தாண்டி நீள்கிறது. வினாவிடையாகப் பாடம் கற்ற எமது தலைமுறைகளுக்கு அது அச்சில் வந்த முதல் மூதாதை. 1580 இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வது பற்றிய நூல் வந்தது. 1586 இல் அவருடைய பெருநூலான புளோஸ் சாங்தோரும், அதாவது அடியார் வரலாறு, அறுநூறுக்கு மேற்பட்ட பக்கங்களில் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், கதைகளை நீண்ட உரைநடையில் எழுதி மக்கள் கையில் கொடுத்தவர் அவர். வட்டார வழக்கும் போர்த்துக்கேயச் சொற்களும் கலந்த நடைதான். ஆயினும் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சுற்றியிருந்த பத்துப்பேர் கேட்டு விளங்கக்கூடிய நடை.

ஹென்றிக்கஸை எண்ணிப் பார்க்கும்போது, திருகோணமலை மக்களாகிய நாம் ஒன்றை மறைத்துப் பேசுவது முறையல்ல. அவர் எந்தக் கொடியின் நிழலில் வந்தாரோ அதே கொடியினர்தான் அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1620 களில், சுவாமி மலையிலிருந்த கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு கோட்டை கட்டினர். எமது வகுப்புகளில் திருநீறும் சிலுவையும் பிறையும் அருகருகே அமர்ந்திருந்தன. அந்த இடிபாட்டின் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. மக்களை மதம் மாற்றுவதே ஹென்றிக்கஸின் நோக்கம் என்பதும், இந்நாட்டுச் சமயங்களை அவர் மதித்து எழுதியவர் அல்லர் என்பதும் உண்மை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கோட்டை கட்டியவர்களுக்கு இங்குள்ளோர் பேச்சு வேண்டியிருக்கவில்லை. ஹென்றிக்கஸுக்கு அதுவே எல்லாமாக இருந்தது. தாம் கற்பிக்க வந்த மக்களிடம் அவர் முதலில் மாணவராக அமர்ந்தார். அதனால்தான் அவருடைய சமயத்தை ஏற்காதவரும் அவருடைய இலக்கணத்தையும் நூல்களையும் தமிழுக்குக் கிடைத்த செல்வமாகக் கொள்ள முடிகிறது.

முதுமையிலும் அவர் அக்கரையை விட்டு நீங்கவில்லை. 1593 இல் யேசுசபையே யூத வழிவந்தோரை இனிச் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. ஐம்பது ஆண்டுக்குக் கிட்டிய காலம் அந்தச் சபைக்கு உழைத்த முதியவர் உயிரோடிருக்கும்போதே வந்த தீர்மானம் அது. 1600 ஆம் ஆண்டு புன்னைக்காயலில் அவர் காலமானார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கு அடக்கம் செய்யப்பட்டது. பிறந்த நாட்டில் பிறப்பினாலேயே அந்நியரானவர், மொழியினால் வேறொரு கரைக்கு உரியவரானார்.

அவர் நூல்களின் பிந்திய வாழ்வு இன்னொரு கதை. அவை ஓத, கற்பிக்க, நாள்தோறும் கைமாற அச்சிடப்பட்டவை. பிள்ளைகளின் கைபட்டுக் கிழிந்தன. உப்புக்காற்றும் செல்லும் மீதியைத் தின்றன. 1658 இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் எல்லாம் ஒல்லாந்தர் கைக்குப் போயின. சில ஆண்டுகளில் கொல்லமும் கொச்சியும் போயின. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட, அவர்களுடைய நூல்கள் சிதறின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் அமைத்தபோது, அந்த வேலை மீண்டும் முதலிலிருந்தே தொடங்கியது போலாயிற்று. எமது நாட்டில் ஒல்லாந்தர் அச்சகத்தில் முதல் சிங்கள நூல் வெளிவந்தது 1737 இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே தமிழ் அச்சேறியிருந்தது.

அச்சான கரையில் அழிந்துபோன இந்நூல்கள் தூரத்து நூலகங்களில் ஒன்றிரண்டாய்த் தங்கின. தேவைக்காகப் படிப்பவர் எவருமில்லாத இடத்தில், அறியாத மொழியின் அரும்பொருளாக அவை அலுமாரியில் கிடந்தன. கிடந்ததால் பிழைத்தன. தம்பிரான் வணக்கம் ஹாவர்டில். கிரிசித்தியானி வணக்கம் பாரிசின் சோர்போன் நூலகத்தில் அறியப்பட்டது. 1580 ஆம் ஆண்டு நூல் ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில். அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்திலும் கொப்பன்ஹேகனிலும்.

அவற்றை மீண்டும் தமிழுலகின் கண்ணில் காட்டியதில் எமது நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. அவர் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளார். பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரையாளராயிருந்த 1950 களில் அவர் ஐரோப்பிய நூலகங்களில் தேடி, இந்த முதல் நூல்களைப் பற்றித் தாம் நடத்திய தமிழ்க் கல்ச்சர் என்ற ஆங்கில ஏட்டில் எழுதினார். அந்தாம் தே புரோவென்சா தொகுத்து 1679 இல் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியையும் வத்திக்கானில் கண்டு, 1966 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். இராசமாணிக்கம் அடிகளார் 1960 களில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் மூலம் ஹென்றிக்கஸின் நூல்களைப் பதிப்பித்தார். அடியார் வரலாறு அச்சாகி 380 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கரைக்கு மீண்டு வந்தது.

எல்லாத் திசைகளிலும் வாழும் பழைய மாணவிகளே, இந்த வாழ்க்கையை நாம் இம்மலரில் எழுதியதற்குக் காரணம் உண்டு. எமது சங்கத்தின் நூறாண்டுக் கதையும் தாளில்தான் இருந்தது. பரிசளிப்பு விழா அறிக்கைகள், கையெழுத்துச் சஞ்சிகைகள், வகுப்புப் படங்கள், நாடகப் பிரதிகள், விடைபெறும்போது எழுதி வாங்கிய ஓட்டோகிராப் ஏடுகள் என்று எத்தனையோ. 1964 ஆம் ஆண்டுச் சூறாவளி, இடப்பெயர்வு இடப்பெயர்வாக நீண்ட யுத்த ஆண்டுகள், 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடல்கோள் ஆகியவற்றைக் கடந்து இவ்வூரின் வீடுகளில் எஞ்சிய தாள்கள் சிலவே. நாம் இம்மலருக்குப் பழைய படங்களைத் தேடியபோது கிடைத்தவற்றில் பல, ஊரைவிட்டுப் போகும் அவசரத்திலும் பெட்டிக்குள் ஒரு படத்தை வைத்துக்கொண்டு போனவர்களிடமிருந்தே வந்தன. கனடாவிலும் லண்டனிலும் சிட்னியிலும் உள்ள அலுமாரிகளில் அவை பிழைத்திருந்தன.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருப்பதை எறிந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பின் பிள்ளைகள் அது என்னவென்று அறியாமல் எறிந்துவிடவும் கூடும். இப்போதே எடுத்துப் பாருங்கள். படத்தின் பின்புறம் பெயர்களையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். படியெடுத்து ஒரு படியைப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்புங்கள், ஒரு படியை உங்களிடமே வைத்திருங்கள். வெளிநாட்டுக் கிளைச் சங்கங்கள் இந்தப் பணியை நூற்றாண்டின் முதல் வேலையாக எடுத்துக்கொண்டால் நல்லது. ஊரில் மட்டும் இருந்தால் ஒரு வெள்ளத்தில் போய்விடும். வெளியில் மட்டும் இருந்தால் இங்கு படிக்கும் பிள்ளைக்கு எட்டாது. இரு கரையிலும் இருக்க வேண்டும்.

புன்னைக்காயல் பிள்ளைகளின் கையில் கிழிந்துபோன பிரதிகள் வீணாகிவிட்டன என்று நாம் நினைக்கவில்லை. படிப்பதற்காகவே அச்சிட்டார், படிக்கப்பட்டே அவை தேய்ந்தன. ஆனால் எங்கோ ஒரு பிரதியாவது எஞ்சியிராவிட்டால், ஹென்றிக்கஸ் அடிகளாரின் உழைப்பையும், முத்துப் பணம் கொடுத்த மீனவரையும், எழுத்து வார்த்த இருவரையும் இன்று எவரும் அறிந்திருக்க மாட்டோம். எமது பாடசாலையின் அடுத்த நூறாண்டில் படிக்கப்போகும் பிள்ளைகளும் எம்மை அறிந்திருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவரும் ஒரு பிரதியைக் காப்பாற்றினால் போதும்.